ஐந்து பொட்டு வைத்த ஃபோர்டு

நாற்பத்திரண்டு வயது வரைக்கும் நஞ்சப்பன் எதையும் தன் இஷ்டத்துக்குச் செய்ததில்லை. இதை அவர் ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை. யாரும் கேட்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். பெருந்துறையில் அப்பா மெக்கானிக்கல் இன்ஜினியரிங் என்றார், படித்தார். அத்தை பெண் பார்த்தாள், கட்டிக்கொண்டார். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டால் அமெரிக்கா போகலாம் என்று மைத்துனன் சொன்னான், கற்றுக்கொண்டு வந்து சேர்ந்தார். மான்மவுத் ஜங்ஷனில் வீடு வாங்கினால் ஸ்கூல் நன்றாக இருக்கும் என்று ஆபீஸில் நாலு பேர் சொன்னார்கள், வாங்கினார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, வீட்டுக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்பதற்குக் காலனி அசோசியேஷனில் ஒரு பட்டியல் உண்டென்று. அதில் பதினோரு நிறங்கள் இருந்தன. பதினொன்றும் பழுப்பு.

ஆபீஸிலும் அதே கதைதான். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் புத்தி பேதலித்துவிடும் என்று பயந்து, ஒரு பெரிய வங்கி இவரை உட்கார வைத்திருந்தது. என்றைக்கோ யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன புரோகிராமில் வருஷத்துக்கு இரண்டு இலக்கம் இருந்தால் அதை நாலாக்க வேண்டும். வேறு எதையும் தொடக் கூடாது. ஒரு தடவை, பார்க்கவே கண்றாவியாக இருந்த ஒரு பத்தியைச் சுருக்கி அழகாக எழுதினார். மேனேஜர் அதை அழித்துவிட்டுப் பழையபடி போட்டு, கீழே "ப்ளீஸ்" என்று ஒரு வார்த்தை வைத்தார். அந்த ப்ளீஸுக்கு அப்புறம் நஞ்சப்பன் இரண்டை நாலாக்குவதோடு நிறுத்திக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதர் தொண்ணூற்றாறாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ்டவுன் சந்தைக்குக் காலுறை வாங்கப் போனார். டஜன் விலைக்குச் சல்லிசாகக் கிடைக்கும். வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பழைய ஃபோர்டு. மட்கார்டு கிடையாது, பானெட் கிடையாது, கூரையை அறுத்துத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். இன்ஜின் வெட்கமில்லாமல் வெளியே தெரிந்தது. சத்தமோ, ஊரில் அரிசி மில் பக்கத்தில் குடியிருந்த நஞ்சப்பனுக்கே காது அடைத்தது. அதை ஓட்டி வந்த ஆசாமிக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். இறங்கி, பேன்ட்டை மேலே இழுத்துக்கொண்டு, ஊரே தன்னைப் பார்ப்பதை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் தக்காளி வாங்கப் போனார். இதற்கு ஹாட் ராட் என்று பெயர், இளவட்டங்கள் பழைய காரைப் பிடித்து வேகத்துக்காக வெட்டி ஒட்டி ஆரம்பித்த விஷயம் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். நஞ்சப்பன் காலுறை வாங்காமல் வீட்டுக்கு வந்தார்.

எட்டு மாதம் கழித்துப் பென்சில்வேனியாவில் ஒரு கோழிப் பண்ணையிலிருந்து முப்பத்தொன்றாம் வருஷத்து ஃபோர்டு ஒன்றின் கூடு கராஜுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே பாதி துரு, மீதி கோழி எச்சம். மனைவி வசந்தாமணி அதைச் சுற்றி ஒரு நடை வந்தாள்.

"ஏனுங்க, இதுக்கு என்ன கலரு அடிக்கப் போறீங்க?"

"கிளிப்பச்சை" என்றார் நஞ்சப்பன். யோசிக்கவே இல்லை. சங்ககிரியில் லாரிக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சை. கேள்வி கேட்ட மாத்திரத்தில் தனக்குள்ளிருந்து ஒரு பதில் வந்ததே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

இந்த இடத்தில்தான் கஸ்தூரிரங்கன் கதைக்குள் வருகிறார்.

கஸ்தூரிரங்கன் ஈஸ்ட் பிரன்ஸ்விக்வாசி, பூர்வீகம் மயிலாப்பூர். மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளுக்கு மேல்பூச்சு பூசுகிற டிபார்ட்மென்டில் பெரிய வேலை. கோயில் கார் பார்க்கிங்கில் நஞ்சப்பனின் கையில் ஒட்டியிருந்த கிரீஸைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சுக் கொடுத்தார். அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் நாற்பத்தொன்பதாம் வருஷத்து ஃப்ளாட்ஹெட் வி-எய்ட் இன்ஜின் ஒன்று இருந்தது. பழைய ஹாட் ராட்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுகிற இன்ஜின். அவர் மனைவி பர்வதம், இன்ஜின் வீட்டில் இருக்கலாம், ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தாள். பதினோரு வருஷமாக அதைத் துடைத்துக்கொண்டும், பழைய கார் பத்திரிகைகளை ஒவ்வொன்றாக பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுக்கிக்கொண்டும் மனிதர் காலம் தள்ளிவந்தார். ஆசை இருந்தது, இன்ஜின் இருந்தது, வண்டி இல்லை. நஞ்சப்பனிடம் வண்டி இருந்தது, இன்ஜின் இல்லை. பொருத்தம் பார்க்கவே வேண்டாம் என்கிற மாதிரி அமைந்துவிட்டது.

இன்ஜினோடு கூடவே ஒரு பட்டியலும் வந்தது. டைப் அடித்து லாமினேட் செய்தது. மொத்தம் அறுபத்து மூன்று விதி.

"நஞ்சப்பா, ஒண்ணு தெரிஞ்சுக்கோ. அம்பத்திரெண்டுக்கு அப்புறம் வந்த ஒரு ஸ்க்ரூ கூட இதுல இருக்கப்படாது. இருந்தா அது ஹாட் ராட் இல்ல, ஃபேன்ஸி டிரஸ். புரியறதா?"

"கலருங்க சார்?"

"ஐவரி. நாற்பத்தொம்பதாம் வருஷத்து போட்டோ ஒண்ணு இருக்கு, காட்டறேன்."

ஐவரி என்றால் என்ன, பழுப்புதான். கொஞ்சம் படித்த பழுப்பு. நஞ்சப்பன் துணிந்து கேட்டார். "சார், அன்னிக்குக் கலிஃபோர்னியாவுல அந்தப் பசங்க பட்டியலப் பாத்தா வண்டி கட்டுனாங்க? கெடைச்சத எடுத்து மாட்டுனாங்க, புடிச்ச கலர அடிச்சாங்க. நானும் அதையேதானுங்க கேக்கறேன்."

"அவா பண்ணினா அது ஹிஸ்டரி. நீ பண்ணினா அது மிஸ்டேக்" என்றார் கஸ்தூரிரங்கன், விட்டுக்கொடுக்காமல்.

இதற்குப் பதில் சொல்ல நஞ்சப்பனுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அந்த இரண்டு வருஷத்தில் வண்டி வளர்ந்தது, நஞ்சப்பன் தேய்ந்தார். பிளாஸ்டிக் வயர் போய்த் துணி சுற்றிய வயர் வந்தது. ரேடியல் டயர் வாங்கியிருந்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓட்டினால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிற பழைய மாதிரி டயர் வாங்க வேண்டியதாயிற்று. கேசட் பிளேயர் பற்றிப் பேச்செடுத்தபோது, பெருமாள் சன்னதியில் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் கஸ்தூரிரங்கன் பார்த்தார். நஞ்சப்பனின் மைத்துனன் ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் புடவைகளுக்கு நடுவே லாரி ஹாரன் ஒன்றை ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். மூன்று குழல் உள்ளது, அமுக்கினால் மூன்று ஸ்வரத்தில் அலறும். கஸ்தூரிரங்கன் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். நஞ்சப்பன் அதை எடுத்துத் துண்டில் சுற்றி அலமாரியில் பதுக்கினார்.

அறுபத்து மூன்று விதிகளையும் எதிர்த்து ஜெயித்தது ஒரே ஆள், வசந்தாமணி. சீட் பெல்ட் அந்தக் காலத்தில் கிடையாது என்றார் கஸ்தூரிரங்கன். "பெல்ட் இல்லாத வண்டீல என்ற புள்ளைய ஏத்த மாட்டேனுங்க. அந்தக் காலத்துல என்ற புள்ளையும் கெடையாது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். பெல்ட் வந்தது. கார் ஷோவில் நடுவர்கள் பார்க்கிற நாளில் மட்டும் அதைச் சீட்டுக்கு அடியில் திணித்து வைப்பது என்று உடன்பாடு.

புருஷனைத் தனியாகப் பிடித்தும் கேட்டாள். "புடிக்கலீன்னா வேண்டாம்னு சொல்றதுக்கு உங்களுக்கு என்னங்க? வாய்ல கொழுக்கட்டையா?"

"இன்ஜின் அவருதாச்சே, மணி."

"வண்டி?"

நஞ்சப்பன் ஸ்பானரைத் தேடினார். ஸ்பானர் அவர் கையிலேயே இருந்தது.

தொண்ணூற்றெட்டு செப்டம்பர் கடைசியில் வண்டிக்குப் பெயின்ட் அடித்தார்கள். அதிலும் கஸ்தூரிரங்கன் பிடிவாதம். இப்போது வருகிற பெயின்ட் அடித்த மறுநாளே கல்லு மாதிரி இறுகிவிடும். லாக்கர் என்கிற அந்தக் காலத்து பெயின்ட் அப்படியில்லை. மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே இறுக ஒரு மாதம் பிடிக்கும். "முப்பது நாளைக்கு யாரும் விரல் வைக்கப்படாது" என்று உத்தரவு போட்டார். லாக்கரைப் பற்றி அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. இருபது வருஷமாக மாத்திரைக்குப் பூச்சு பூசுகிறவர்.

நஞ்சப்பனின் மகள் கயல், எட்டு வயது, ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து கராஜில் எட்டிப் பார்த்தாள். "டாட், இட் லுக்ஸ் லைக் அவர் ஹவுஸ்" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள் பாவம். நஞ்சப்பன் சாப்பிடாமல் படுத்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட் வின்ட்சரில் கார் ஷோ. முதல் வரிசை, மேப்பிள் மரங்களின் நிழலில், ஐம்பத்திரண்டுக்கு முந்தைய முறைப்படி கட்டிய வண்டிகளுக்கு மட்டும். ஒரு போல்ட் மாறியிருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். கஸ்தூரிரங்கன் ஆறு மாதத்துக்கு முன்பே மனு போட்டுவிட்டார். மனுவில், கட்டியவர் பெயர் என்ற இடத்தில், நஞ்சப்பன் பிற்பாடுதான் பார்த்தார், கே. கஸ்தூரிரங்கன் என்று இருந்தது.

அதற்கு முன்னால் புதன்கிழமை ஆயுத பூஜை.

ஆயுத பூஜையன்று வீட்டில் வண்டி இருந்து அதற்குப் பொட்டு வைக்காமல் இருப்பது நடக்கிற காரியமா? வசந்தாமணி வாழைப்பழம், பொரி, கடலை எல்லாம் எடுத்து வைத்தாள். பர்வதத்தை அழைத்துக்கொண்டு கஸ்தூரிரங்கனும் வந்துவிட்டார், நெற்றியில் ஸ்ரீசூர்ணம் பளிச்சென்று. டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நஞ்சப்பன் சந்தனத்தை நன்றாகக் குழைத்து, வண்டியின் முகப்பில் மூன்று, கதவுக்கு ஒவ்வொன்று என்று ஐந்து இடத்தில் அப்பினார். அதன் நடுவில் குங்குமத்தை நல்லெண்ணெயில் தோய்த்து, கட்டைவிரலால் அழுத்தி வைத்தார். எட்டணா நாணயம் அளவுக்கு வந்தது.

"இன்ஜினுக்கும் ஒண்ணு வை, நஞ்சப்பா" என்றார் கஸ்தூரிரங்கன் பக்தியோடு.

விரல் வைக்காதே என்று சொன்னவர், வைத்தவர், வேடிக்கை பார்த்தவர்கள் என்று ஐந்து பேர் சுற்றி நின்றார்கள். அதில் ஒருத்தர் பூச்சு விஷயத்தில் டாக்டர் பட்டம் வாங்கினவர். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கற்பூரம் காட்டி, பொரியைத் தின்று, எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

வியாழக்கிழமை காலை நஞ்சப்பன் ஈரத்துணியால் துடைத்தார். சந்தனம் வந்தது. குங்குமம் வரவில்லை. இறுகாத லாக்கர் ராத்திரி முழுக்க எண்ணெயையும் சாயத்தையும் ஆசையாக உறிஞ்சிக் குடித்திருந்தது. ஐவரிப் பழுப்பில் ஐந்து சிவப்பு வட்டம், ஓரத்தில் மஞ்சள் கரை கட்டி, சாகும்வரை இருப்பேன் என்று உட்கார்ந்திருந்தது. வட்டத்துக்குள் அவருடைய கட்டைவிரல் ரேகை கூடப் பதிந்திருந்தது.

போன் போனதும் கஸ்தூரிரங்கன் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு ஓடிவந்தார். பார்த்தார். கராஜ் வாசலிலேயே உட்கார்ந்தார்.

"எனக்குத் தோணாம போச்சே. எனக்கே தோணாம போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து சட்டைக் கையை மடித்தார். "பரவால்ல. இப்ப தேய்ச்சு எடுத்துட்டு இன்னிக்கே அடிச்சா ஞாயித்துக்கிழமைக்கு ரெடி ஆயிடும். அந்த உப்புத்தாளை எடு."

நஞ்சப்பன் எடுக்கவில்லை. விடிந்ததிலிருந்து அவர் அந்தப் பொட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் பதற்றம் இருந்தது. அப்புறம் பதற்றம் போய்விட்டது. இரண்டு வருஷத்தில் அந்த வண்டியைப் பார்த்து அவருக்கு முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது. முகம் தெரியாத எவனோ ஒருத்தனுடைய வண்டியாக இருந்தது, இப்போது கல்யாண மாப்பிள்ளை மாதிரி பொட்டு வைத்துக்கொண்டு இவரைப் பார்த்து நின்றது.

"இருக்கட்டும்ங்க சார்" என்றார்.

"என்னது?"

"அழிக்க வேண்டாம்ங்க. எனக்குப் புடிச்சிருக்குது."

"புடிச்சிருக்கா? இதென்ன ஓட்டல்ல தோசையா? முதல் வரிசை, நஞ்சப்பா! வாசல்லயே நிறுத்திடுவான்."

"நிறுத்தட்டும்ங்க."

கஸ்தூரிரங்கனின் முகம் அந்தப் பொட்டு நிறத்துக்கு வந்தது. "அப்படின்னா நான் என் இன்ஜினை எறக்கிக்கறேன்."

இன்ஜின் போனால் வண்டி மறுபடி கோழிக் கூண்டுதான். நாற்பத்திரண்டு வருஷப் பழக்கம் நஞ்சப்பனின் நாக்கைப் பிடித்து இழுத்தது. சரிங்க சார் என்று சொல்ல வாய் திறந்தேவிட்டது. வந்த வார்த்தை வேறு. "எறக்கிக்கோங்க."

கஸ்தூரிரங்கன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இன்ஜினுக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றார். அதை இறக்க ஒரு செயின் பிளாக்கும், ஒரு முழு நாளும், பிடிக்க இன்னொரு ஆளும் வேண்டும். அந்த இன்னொரு ஆள் எதிரில்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கஸ்தூரிரங்கன் ஸ்பானரை வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நஞ்சப்பன் அலமாரியைத் திறந்தார். துண்டைப் பிரித்தார். தனியாக ஒரு பாட்டரியும் சின்னக் கம்ப்ரஸரும் வைத்து, சீட்டுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் ஹாரனைப் பொருத்தினார். துணி சுற்றாத வயரில். வசந்தாமணி டார்ச் பிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் ஹாரன் கேட்டது. கஸ்தூரிரங்கன்! இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ஃபைல். முகத்தில் கோபம் இல்லை; சட்டப் புத்தகத்தில் ஓட்டை கண்டுபிடித்த வக்கீலின் களை.

"ஏறு. பேசாம வண்டியை எடு. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். முதல் வரிசையில் கிளிப்போர்டு வைத்திருந்த நடுவர், குனிந்து நிமிர்ந்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தார், மிகவும் திருப்தி என்றார், கடைசியில் முகப்புக்கு வந்து இது என்ன கறை என்று கேட்டார். கஸ்தூரிரங்கன் ஃபைலைத் திறந்தார். உள்ளே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. மயிலாப்பூரில் அவர் தாத்தா தன் ஃபோர்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார், கோட்டும் பஞ்சகச்சமும். வண்டியின் முகப்பில் மூன்று பொட்டு. பின்னால் தேதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு. கறை என்று சொல்லக் கூடாது, அந்தக் காலத்து மெட்ராஸில் ஃபோர்டு என்றால் இது இல்லாமல் தெருவில் இறங்காது, இங்கே நிற்கிற இருபது வண்டியிலும் இதைவிட முறைப்படியான சமாச்சாரம் வேறு கிடையாது என்று இங்கிலீஷில் கால் மணி நேரம் பொழிந்தார். நடுவர் வாயைத் திறந்துகொண்டு கேட்டார். அற்புதம் என்றார். கிளிப்போர்டில் குறித்துக்கொண்டார்.

கஸ்தூரிரங்கன் நஞ்சப்பன் பக்கம் திரும்பி, ரகசியமாக, "லிஸ்ட்ல சேத்துட்டேன். அறுபத்து நாலு" என்றார். அந்த முகத்தில் அவ்வளவு அன்பு. பட்டியலில் சேர்ப்பதைவிடப் பெரிய மரியாதை அவருக்குத் தெரியாது.

நஞ்சப்பனுக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, கழுத்தைப் பிடிக்கவும் தோன்றியது. தன்னுடைய கட்டைவிரல் ரேகைக்கு நம்பர் போட்டாயிற்று. தனக்கென்று மிச்சமிருந்த அந்த ஐந்து வட்டமும் போயிற்று.

நடுவர் அடுத்த வண்டிக்கு நகரப் பார்த்தார். நஞ்சப்பன் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார். இங்கிலீஷ் தடுமாறியது. "சார், அது முறையெல்லாம் இல்லை. தப்பு. பெயின்ட் காயும் முன்னால் நான் வைத்துவிட்டேன். எனக்குப் பிடித்தது, விட்டுவிட்டேன். அப்புறம், சீட்டுக்கு அடியில் பெல்ட் இருக்கிறது. பின்னால் ஹாரன் இருக்கிறது."

"ஹாரனா?" என்று தமிழில் அலறியது கஸ்தூரிரங்கன்.

நஞ்சப்பன் உள்ளே கைவிட்டு அமுக்கினார். மேப்பிள் மரத்திலிருந்த காக்கைகள் வெஸ்ட் வின்ட்சரை விட்டே கிளம்பின. கிளிப்போர்டு கீழே விழுந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டு நடுவர், வருத்தத்தோடு, ஆனால் உறுதியாக, மைதானத்தின் கடைசி வரிசையைக் காட்டினார். "மற்றவை" என்று போர்டு வைத்து, தற்காலிகக் கழிப்பறைகளுக்குப் பக்கத்தில் ஒதுக்கிய இடம். ஒரு பக்கம் முழுக்க நெருப்பு வரைந்த வேன், இன்னொரு பக்கம் ரோமம் ஒட்டிய ஜீப்.

நஞ்சப்பன் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஹாரன் அடித்துக்கொண்டே போனார். வீட்டுக் காரில் பின்னாலேயே வந்திருந்த வசந்தாமணியும் கயலும் பெல்ட் போட்டுக்கொண்டு கூடவே ஏறிக்கொண்டார்கள். "டூ இட் அகெய்ன், டாட்!" என்று கயல் கத்தினாள்.

கஸ்தூரிரங்கன் வண்டியில் ஏறவில்லை. ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்து, ரோமம் ஒட்டிய ஜீப்பின் நிழலில், வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார். கால் மணி நேரம் கழித்து ஒரு அமெரிக்க அம்மாள் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே வந்தாள். பொட்டுகளைப் பார்த்துக் குனிந்தாள், விரல் ரேகையைப் பார்த்துச் சிரித்தாள். யாருடைய வண்டி என்று கஸ்தூரிரங்கனைத்தான் கேட்டாள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தவர் அவர் ஒருத்தர்தான். இரண்டு வருஷமாக இந்தக் கேள்விக்கு அவர் முந்திக்கொண்டு சொல்கிற பதில் ஒன்று இருந்தது: நாங்கள் கட்டினது, டிசைன் என்னுடையது.

"அவனோடது" என்று இங்கிலீஷில் வெடித்தார் கஸ்தூரிரங்கன். "பூராவும் அவனோடது. எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

நஞ்சப்பன் ஸ்டியரிங்கை விட்டுக் கீழே இறங்கினார். கண் கலங்கியிருந்ததைத் துடைக்கக் கூட இல்லை.

"சார், இன்னொருக்கா சொல்லுங்க."

"என்ன, கிண்டலா? உன் வண்டிங்கறேன்! உன்னோடது, உன்னோடது!"

"இன்ஜினுங்க?"

"அந்த ஹாரன் பக்கத்துல இருந்த இன்ஜின் எனக்கெதுக்கு? நீயே வச்சுக்கோ!"

"என்ற வண்டிங்க" என்றார் நஞ்சப்பன் அந்த அமெரிக்க அம்மாளிடம், தமிழிலேயே. அவள் தலையாட்டினாள்.